சிற்பத்தைப் படமெடுக்குமுன்: நெல்லைச் சீமையில் யாரைக் கேட்பது, எப்படி எடுப்பது

‘புகைப்படம் எடுக்கத் தடை’ என்று பலகை தொங்கும். அதை யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று அதில் எழுதியிருக்காது. கோயிலில் அது வழிபாட்டின் புனிதத்துக்காக இருக்கும். அருங்காட்சியகத்தில் நெரிசலுக்காகவோ ஃபிளாஷ் வெளிச்சத்துக்காகவோ இருக்கும். ஓவியக் கண்காட்சியில் ஓவியரின் பதிப்புரிமைக்காக. அகழாய்வுக் குழியில் ஆய்வறிக்கை இன்னும் வெளிவராததற்காக. காரணம் தெரிந்துவிட்டால் எதைக் கேட்டால் கிடைக்கும், எதைக் கேட்கவே கூடாது என்பதும் தெரிந்துவிடும். காரணம் தெரியாமல் காவலாளியிடம் மல்லுக்கு நிற்பவர்களும், பலகையைப் பார்த்ததும் கேமராவை உறையில் போட்டுவிட்டுத் திரும்புகிறவர்களும் எடுத்திருக்கக்கூடிய நல்ல படத்தை இழக்கிறார்கள்.

இடத்தின் அனுமதி வேறு, படைப்பின் உரிமை வேறு, எடுத்த படத்தை என்ன செய்யலாம் என்பது வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் முக்கால்வாசிச் சிக்கல் வருகிறது. ஆயிரத்து இருநூறு வருடத்துச் சிற்பத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனாலும் அது நிற்கும் இடத்துக்குப் பொறுப்பாளர் ‘எடுக்காதே’ என்று சொல்லலாம். சாலை முக்கில் நிற்கும் புதுச் சிலைக்குப் பதிப்புரிமை உண்டு; ஆனாலும் அதை யாரும் படமெடுக்கலாம். கேட்க முரணாக இருக்கும். சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இடம் யாருடைய பொறுப்பில்?

நெல்லையப்பர், கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி, தென்காசி காசி விசுவநாதர், குற்றாலநாதர், திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் ஆகிய கோயில்கள் எல்லாம் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் வருபவை. இவற்றைப் பொறுத்தவரை 2022 டிசம்பர் 2-ஆம் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திருச்செந்தூர் சுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குள் செல்போனில் படமெடுப்பதைத் தடுக்கக் கோரிய வழக்கில், தமிழ்நாட்டுக் கோயில்கள் அனைத்திலும் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அன்றுதான் உத்தரவிட்டது. செல்போனை வாங்கி வைக்க வாசலிலேயே பாதுகாப்பு அறை ஏற்படுத்த வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் அடக்கம். நடைமுறை கோயிலுக்குக் கோயில் மாறும். பெரிய கோயிலில் டோக்கன் போட்டு வாங்கி வைப்பார்கள். சிறிய ஊர்க் கோயிலில் ‘உள்ள எடுக்காதீங்க’ என்று வாய்ச்சொல்லோடு விட்டுவிடுவார்கள்.

செல்போன் தடை என்பதும் கேமரா அனுமதி என்பதும் ஒன்றல்ல. செல்போனை வாசலில் வாங்கி வைக்கும் கோயிலிலும், ஆய்வுக்கோ ஆவணத்துக்கோ வெளிப்பிராகாரத்தையும் மண்டபத் தூண்களையும் கேமராவில் எடுக்க எழுத்து மூலம் விண்ணப்பிக்க வழி உண்டு. அதற்குப் பொறுப்பானவர் செயல் அலுவலர். பெரிய காரியமென்றால் உதவி ஆணையர் அல்லது இணை ஆணையர் அலுவலகம். அர்ச்சகர் ‘எடுத்துக்கோங்க’ என்று அன்போடு சொன்னாலும் அது அனுமதி ஆகாது. அவரை இக்கட்டில் மாட்டிவிடவும் கூடாது. மூலவர், உற்சவர், அபிஷேகம், அலங்காரம் ஆகியவற்றைக் கேட்கவே வேண்டாம். கேட்டாலே மீதி விண்ணப்பத்தின் மேலும் சந்தேகம் விழும்.

கழுகுமலையில் ஒரே மலையில் இரண்டு துறை. அடிவாரத்துக் கழுகாசலமூர்த்தி கோயில் அறநிலையத் துறையுடையது. மேலே வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பத் தொகுதியும் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். அடிவாரத்தில் வாங்கிய அனுமதி மேலே செல்லாது, மேலே வாங்கியது கீழே செல்லாது. தொல்லியல் சின்னங்களில் கையில் பிடித்த கேமராவில் பார்வையாளராக எடுப்பதற்குப் பெரும்பாலும் தடை இருக்காது. ட்ரைபாட், விளக்கு, உடை மாற்றிக்கொண்டு வரும் மாடல், கல்யாண ஜோடி என்று ஆனதும் கணக்கு மாறிவிடும். சென்னையில் உள்ள தொல்லியல் துறை ஆணையர் அலுவலகத்துக்கு எழுத வேண்டும்.

பழங்கால ஈமத்தாழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூர் அகழாய்வுக் களம் மத்திய அரசின் தொல்லியல் துறையுடையது. திருச்சி வட்ட அலுவலகத்தின் கீழ் வருகிறது. 2018 ஜூலையில் அத்துறை தன் நினைவுச் சின்னங்கள் எல்லாவற்றிலும் படமெடுப்பதை அனுமதித்தது. அஜந்தா குகைகள், லே அரண்மனை ஓவியங்கள், தாஜ்மகாலின் கல்லறை மண்டபம் ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு. ஆனால் தோண்டிக்கொண்டிருக்கும் குழி இந்தத் தாராளத்தில் சேராது. வெளியிடப்படாத தொல்பொருளை முதலில் வெளியிடும் உரிமை அகழாய்வுக் குழுவுடையது. குழியோரம் நிற்கும்போது கேமரா தோளிலேயே தொங்கட்டும். 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்ட களத்திலேயே அமைந்த காட்சிக்கூடத்தில், தாழிகளைக் கண்ணாடித் தளத்தின் வழியாகப் பார்க்கலாம். அங்கே எடுப்பதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம். ஒன்றை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது: ஆதிச்சநல்லூர்ப் பொருள்களில் பெரும்பகுதி ஆதிச்சநல்லூரில் இல்லை. 1876-இல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின; அதன்பின் பிரிட்டிஷ் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. அவற்றின் படம் வேண்டுமென்றால் அந்தந்த அருங்காட்சியகத்திடம்தான் கேட்க வேண்டும்.

பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம், ரெட்டியார்பட்டி மலைப்பக்கத்துப் பொருநை அருங்காட்சியகம் போன்ற இடங்களில் நுழைவுச் சீட்டு வாங்கும்போதே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணமா? செல்போனுக்கும் சேர்த்தா? எந்த அறையில் எடுக்கக் கூடாது? வாங்கிய கேமராச் சீட்டைச் சட்டைப் பையில் மேலாகவே வையுங்கள். ஒவ்வொரு அறைக் காவலரும் கேட்பார்.

தேவாலயத்தில் பங்குத்தந்தையிடமும் பள்ளிவாசலில் ஜமாஅத்திடமும் கேட்க வேண்டும். பூசை, தொழுகை நேரம் வேண்டாம்.

சுடலைமாடன், இசக்கியம்மன் பீடங்களைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. ஊருக்கு வெளியே, வேலி இல்லாமல், பலகை இல்லாமல், சுடுமண் உருவங்களோடு நிற்பதால் ‘இது பொதுதானே’ என்று தோன்றும். பொதுவல்ல. பெரும்பாலும் அது ஒரு குடும்பத்துக்கோ வகையறாவுக்கோ உரிய கோயில். பக்கத்து வீட்டில் கேட்டால் பூசாரி யார், வரிதாரர் (கோயிலுக்கு வரி கொடுக்கும் குடும்பத்தார்) யார் என்று சொல்லிவிடுவார்கள். ‘அண்ணாச்சி, சாமி உருவத்தப் படம் எடுத்துக்கிடலாமா? முகத்த எடுக்கலாமா, தூரத்துல நின்னு எடுக்கவா?’ என்று கேட்டால் பாதிப் பேர் தாங்களே கூடவே வந்து காட்டுவார்கள். கொடை (கோயில் திருவிழா) நடக்கும் இரவில் கோமரத்தாடியின் (சாமியாடியின்) முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிப்பது மட்டும் எந்த ஊரிலும் பொறுக்கமாட்டார்கள். அவர்கள் பொறுக்காததில் நியாயம் இருக்கிறது.

படைப்பின் உரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி ஓவியம், சிற்பம் ஆகியவற்றின் உரிமை படைத்தவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் நீடிக்கும். இறந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60-ஐ எண்ண வேண்டும். கோவில்பட்டியிலிருந்து காலண்டர் படங்கள் வரைந்த சி. கொண்டையராஜூ 1976-இல் மறைந்தார். அவர் படங்களின் உரிமை 2036 முடியும்வரை யாரோ ஒருவரிடம் இருக்கிறது. அச்சகத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தால் அச்சகத்திடம், இல்லையென்றால் வாரிசுகளிடம். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய காலண்டரைப் படமெடுத்துச் சட்டைத் துணியில் அச்சடித்து விற்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. ரவிவர்மா 1906-இல் மறைந்தார். அவர் ஓவியங்களுக்கு இப்போது அந்தத் தடை இல்லை.

அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதிவிலக்குகளைச் சொல்கிறது. பொது இடத்திலோ பொதுமக்கள் நுழையக்கூடிய வளாகத்திலோ நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுக்கலாம், அந்தப் படத்தை வெளியிடவும் செய்யலாம். கட்டடத்துக்கும் இதே சலுகை உண்டு. கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1-இல் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை கணபதி ஸ்தபதியின் கைவண்ணம், புதுக்காலப் படைப்பு. ஆனாலும் கரையில் நின்று யாரும் எடுக்கலாம், வெளியிடலாம். சிற்பப் பூங்கா, நினைவு மண்டபம், ரவுண்டானாச் சிலை எல்லாவற்றுக்கும் இதுதான் விதி.

இந்தச் சலுகையில் மூன்று ஓட்டை உண்டு. ‘நிரந்தரமாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள்: பத்து நாள் கண்காட்சிக்காகப் புல்வெளியில் நிறுத்திய சிற்பம் நிரந்தரம் ஆகாது. அங்கே மண்டபக்காரர் சரி என்றாலும் சிற்பியின் சம்மதமும் வேண்டும். அடுத்தது, சலுகை சிற்பத்துக்கும் கைவினைப் படைப்புக்கும்தான். சுவரோவியத்துக்குப் புகைப்படத்தில் அந்தச் சலுகை இல்லை. பாலத் தூணில் இப்போது வரைகிற பெரிய ஓவியங்களும், நினைவிடச் சுவர்களில் நவீன ஓவியர்கள் தீட்டியவையும் இதில் மாட்டும். சினிமாவில் பின்னணியாக வரலாம். புகைப்படத்தில் அதையே நடுநாயகமாக வைத்து விற்பனை அட்டையாக்கக் கூடாது. கடைசியாக, சிற்பத்தைப் படமாக எடுக்கவும் ஓவியமாக வரையவும் மட்டும்தான் சலுகை. சுற்றிச் சுற்றி நூறு படம் எடுத்துக் கணினியில் முப்பரிமாண உருவமாக்கி, குட்டிச் சிலை வார்த்து விற்பது இதில் அடங்காது.

சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் எடுப்பதற்கும், விமரிசனத்துக்கும், நடப்புச் செய்திக்கும் தனி விலக்கு உண்டு. வாழும் ஓவியர் ஒருவரின் ஓவியத்தை முழுச் சட்டகமாக எடுத்துப் பொதுவெளியில் போடுவது ‘சொந்தப் பயன்பாடு’ என்ற எல்லைக்குள் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓவியர் பெயரைக் கீழே போட்டுவிட்டால் போதும் என்பதும் தவறான நம்பிக்கை. பெயர் போடுவது அவருடைய தார்மீக உரிமை. அனுமதி அதற்கு மேல் வேறு.

விண்ணப்பக் கடிதம்

அனுமதி மறுக்கப்படுவது பெரும்பாலும் கடிதம் மொட்டையாக இருப்பதால்தான். ‘தங்கள் கோயிலில் புகைப்படம் எடுக்க அனுமதி வேண்டுகிறேன்’ என்ற ஒற்றை வரியைப் படிக்கும் அலுவலருக்குக் கருவறையும் கல்யாண ஷூட்டிங்கும்தான் கண்முன் வரும். எதை எடுக்க மாட்டீர்கள் என்பதை முதலிலேயே எழுதுங்கள். இந்த அமைப்பில் எழுதலாம்:

‘கிருஷ்ணாபுரம் அருள்மிகு வெங்கடாசலபதி திருக்கோயிலின் முன்மண்டபத் தூண் சிற்பங்களை ஆவணப்படுத்த அனுமதி வேண்டி. எடுக்க விரும்பும் சிற்பங்கள்: கர்ணன், அர்ச்சுனன், வீரபத்திரர், குறத்தி. மூலவர், உற்சவர், வழிபாடு, பக்தர்கள் ஆகியவற்றை எடுக்க மாட்டோம். நாள்: திருவிழா, சனிக்கிழமை நீங்கலாகத் தங்களுக்கு வசதியான ஒரு வேலைநாள். நேரம்: காலை நடை திறந்தபின் 2 மணி நேரம். ஆட்கள்: 2. கருவிகள்: கேமரா 1, லென்ஸ் 2. ஃபிளாஷ், விளக்கு, ட்ரைபாட், டிரோன் இல்லை. சிற்பங்களைத் தொடவோ, எண்ணெய், நீர், சுண்ணாம்பு தடவவோ மாட்டோம். பயன்பாடு: கல்வி சார்ந்த கட்டுரை, விற்பனைக்கு அல்ல. எடுத்த படங்களின் முழுப் பிரதி ஒன்றைத் திருக்கோயில் அலுவலகத்துக்கு ஒப்படைப்போம்.’

அடையாள அட்டை நகல், நிறுவனம் சார்ந்தவர் என்றால் அதன் கடிதம் ஆகியவற்றை இணையுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் ‘பெறப்பட்டது’ முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் முன்னதாகக் கொடுப்பது நல்லது. அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் நாளையும் இடத்தையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்: ‘வெளிப்பிராகாரம் மட்டும்’ என்று இருந்தால் மண்டபத்துக்குள் அது செல்லாது. படமெடுக்கும் நாளில் நான்கைந்து நகல் கையில் இருக்கட்டும். அலுவலகத்துக்குத் தெரிந்தது வாசல் காவலருக்குத் தெரிந்திருக்காது.

விற்பனை, விளம்பரம், புத்தக அட்டை என்று இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். கட்டணம் கேட்பார்கள், கட்டுங்கள். ‘கல்விக்கு’ என்று வாங்கி விளம்பரத்தில் போட்டால், அடுத்து உண்மையாகவே ஆய்வுக்கு வருகிற மாணவருக்கு அந்த அலுவலகத்தில் கதவு அடைபடும். இதைக் கோபத்தோடுதான் சொல்கிறோம். இந்தப் பக்கத்துக் கோயில்களில் கெடுபிடி கூடியதற்கு இப்படிப்பட்டவர்களும் ஒரு காரணம்.

ஃபிளாஷும் ட்ரைபாடும் இல்லாமல் எடுப்பது

ஃபிளாஷ் தடையின் காரணம் பொருளுக்குப் பொருள் மாறும். கருங்கல்லை வெளிச்சம் ஒன்றும் செய்யாது. துணி, தாள், நீர்வண்ணம், இயற்கைச் சாயம் ஆகியவற்றை வெளிச்சம் சிறுகச் சிறுக மங்கச் செய்யும். போன நிறம் திரும்பாது. அதனால்தான் அருங்காட்சியகங்களில் அவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சம்தான் விடுகிறார்கள். எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை. ட்ரைபாட் தடைக்குக் காரணம் வேறு: கால் தடுக்கி ஆள் விழுவது, கால் வழுக்கிக் கேமராவே சிற்பத்தின் மேல் சாய்வது. கற்சிலைக்கு முன்னால் ஃபிளாஷ் வேண்டாம் என்பதற்கு நம் பக்கக் காரணமும் ஒன்று உண்டு. நேர் வெளிச்சத்தில் நிழல் செத்துவிடும். நிழல் செத்தால் சிற்பம் தட்டையாகிவிடும்.

50 லக்ஸ் வெளிச்சத்தில் எஃப் 2.8 (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஐஎஸ்ஓ 3200 (கேமராவின் ஒளியுணர்வு) வைத்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் சுமார் 1/80 நொடி வரும். கையில் பிடித்தே எடுக்கலாம். எஃப் 4 லென்ஸ் என்றால் 1/40. முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு நிறுத்தி, தொடர்ச்சியாக நான்கைந்து எடுத்தால் ஒன்றாவது கூர்மையாக விழும். எல்இடி, டியூப்லைட் அறையில் படத்தின் குறுக்கே கருங்கோடு விழுகிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் கோடு போய்விடும். 1/125, 1/160 வைத்தால்தான் இந்தத் தொல்லை.

செல்போனில் எடுப்பவர்கள் பக்கத்தில் போய் அகல லென்ஸில் எடுக்காதீர்கள். தலை பெருத்துக் கால் சிறுத்துப்போகும். சிற்பத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி நின்று 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸில் எடுங்கள். சிலையின் முகத்தைத் திரையில் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். போன் தானாக நிழலை வெளுக்கப் பார்க்கும். அதை விடக் கூடாது.

கிருஷ்ணாபுரத்துச் சிலைகள் தூணோடு தூணாக, ஆள் உயரத்துக்கும் மேலே நிற்பவை. கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் தாடையும் மூக்குத் துவாரமும்தான் தெரியும். பின்னுக்கு நகர்ந்து, அனுமதி இருந்தால் மோனோபாடில் (ஒற்றைக்கால் தாங்கியில்) கேமராவை உயர்த்தி, சிலையின் மார்பு மட்டத்துக்கு லென்ஸைக் கொண்டுபோங்கள். முழு உருவம் ஒன்று போதும். அதன்பின் குறத்தியின் விரல் நகம், கையில் புடைத்த நரம்பு, கூடைப் பின்னல் என்று துண்டு துண்டாக எடுங்கள். அந்தச் சிற்பியின் திறமை அங்கேதான் இருக்கிறது. மண்டபத்துக்குள் வெளிச்சம் வெளியிலிருந்து பக்கவாட்டாக வரும். பக்கத்தில் இருவர் வந்து நின்றாலே அந்த வெளிச்சம் அடைபடும். கூட வந்தவர்களை எதிர்ப்பக்கம் நிற்கச் சொல்லுங்கள். தூணில் சாயவோ தோள்பையை உரசவோ கூடாது. தட்டினால் ஓசை வருகிறதா என்று பார்ப்பதும் கூடாது. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களுக்கும் இதேதான்: ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு தட்டு தட்டினால் கல் தேயும்.

கழுகுமலைச் சமணச் சிற்பங்கள் பாறை முகப்பில் வரிசை வரிசையாக, ஆழம் குறைவாகச் செதுக்கியவை. உச்சி வெயிலில் எடுத்தால் ஒன்று வெளுத்துப்போகும், இல்லையென்றால் புருவத்துக்குக் கீழே கரிப்பிடித்தது போலாகும். வெளிச்சம் பாறையை உரசிக்கொண்டு சாய்வாக வரும் காலை அல்லது மாலை நேரம்தான் இதற்கு. எந்தப் பாறை முகப்பில் எப்போது வெயில் விழுகிறது என்று ஒருமுறை சும்மா ஏறிப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதன்பின் கேமராவோடு போங்கள். பாறையின் கீழேயுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளை வாசிக்கிற மாதிரி எடுக்கவும் இதே சாய்வு வெளிச்சம்தான் வேண்டும். வெயில் கிடைக்காத இடத்தில் வெள்ளைத் துணியோ அட்டையோ பிடித்துப் பக்கத்திலிருந்து வெளிச்சத்தைத் திருப்பலாம். எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பதும், தண்ணீர் ஊற்றுவதும், எண்ணெய் தடவுவதும் சின்னத்தைச் சேதப்படுத்தும் செயல். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. மாநிலச் சின்னங்களுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

வெட்டுவான் கோயில் மேலிருந்து கீழாக மலையைக் குடைந்து, முடிக்காமல் விட்டது. விமானத்தின் மேல்பகுதியைச் சுற்றியுள்ள பாறை விளிம்பிலிருந்து கண்மட்டத்தில் எடுக்கலாம். வேறு கோயில்களில் சாரம் கட்டினால்தான் கிடைக்கும் கோணம் இது. விளிம்பில் பின்னோக்கி அடி வைக்காதீர்கள். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி நகர்வதும் வேண்டாம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலத்தில் தென்காசி, குற்றாலப் பக்கம் மேகமூட்டம் இருக்கும். தென்காசிக் கோயில் முன்மண்டபத்துப் பெரிய சிலைகள் போல முழுதாகத் திரண்டு நிற்பவற்றுக்கு அந்த மென்மையான வெளிச்சம் அருமை. தட்டையான புடைப்புச் சிற்பத்துக்கு அது உதவாது. நனைந்த கல் கருத்துப் பளபளக்கும். காய விட்டு எடுங்கள்.

சுவரோவியம்

குற்றாலம் சித்திர சபையும் திருப்புடைமருதூர்க் கோபுரமும் இந்தச் சீமையின் ஓவியச் செல்வம். திருப்புடைமருதூரில் கோபுரத்தின் உள்நிலைகளில், ஏறிப் போகும் தளங்களில் ஓவியங்களும் மரச் சிற்பங்களும் இருக்கின்றன. குதிரைகளை ஏற்றி வரும் கப்பல்கூட அங்கே தீட்டப்பட்டிருக்கிறது. பூட்டித்தான் இருக்கும். சாவி அலுவலகத்தில், அனுமதியும் அங்கேதான். ஆள் கணக்கைக் குறைத்துச் சொன்னால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் படி குறுகல், தளம் பழையது.

இங்கே ஃபிளாஷ் என்ற பேச்சே வேண்டாம். விரல்கூடச் சுவரில் படக் கூடாது. சாந்து உப்பி நிற்கும் இடத்தில் தோள் உரசினாலே வண்ணம் பொடியாக உதிரும். முதுகுப் பையைக் கீழேயே வைத்துவிட்டு ஏறுங்கள். சுவருக்கு நேர் செங்குத்தாக லென்ஸை நிறுத்தி, ஒன்றோடொன்று மூன்றில் ஒரு பங்கு மேலோடும்படி வரிசையாக எடுத்தால் பிறகு கணினியில் ஒட்டிவிடலாம். சாளர வெளிச்சமும் டார்ச் வெளிச்சமும் கலந்தால் நிறம் நாசம். ஒன்றை மட்டும் நம்புங்கள். வரிசையின் முதல் படத்தில் சாம்பல் அட்டை ஒன்றைச் சுவரில் படாமல் பிடித்து எடுத்துக்கொண்டால் நிறத்தைப் பின்னால் சரிசெய்யலாம்.

கண்ணாடிக்குப் பின்னால் உள்ளவை

முன் சொன்ன ஆதிச்சநல்லூர்த் தளத்திலும் அருங்காட்சியகப் பேழையிலும் எதிரி உங்கள் பிம்பம்தான். கறுப்புச் சட்டை போட்டுப் போங்கள். லென்ஸில் ரப்பர் வளையம் மாட்டிக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் பிம்பம் விழாது. ஆனால் கண்ணாடியைத் தொட அனுமதி உண்டா என்று கேட்டபின்தான் அதைச் செய்ய வேண்டும். தொடக் கூடாதென்றால் சற்றுச் சாய்ந்த கோணத்தில் நின்று, பிம்பத்தைக் குறைக்கும் வடிகட்டியான போலரைசரை லென்ஸில் மாட்டிச் சுழற்றுங்கள். ஒன்றரை ஸ்டாப்பாவது (பாதிக்கும் மேல்) வெளிச்சம் போகும், அதை ஐஎஸ்ஓவில் ஈடுகட்டுங்கள். விளக்கக் குறிப்பட்டையைத் தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் எந்தப் பானை எந்தக் குழி என்று விழிப்பதற்கு அதுதான் மருந்து.

டிரோன் பற்றி மட்டும் சுருக்கமாக. கூடங்குளம் அணுமின் நிலையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் எல்லாம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான். பறக்க விடுமுன், டிரோன்களுக்கான அரசுத் தளமான டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று பாருங்கள். பச்சையாக இருந்தாலும் கோயில் அல்லது தொல்லியல் துறையின் தனி அனுமதி வேண்டும்.

எடுத்த பிறகு

காவலர் வந்து ‘அழிங்க’ என்றால் அங்கேயே வாதாட வேண்டாம். அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கள். கடிதத்தில் இல்லாத இடம் என்றால் அவர் கண்முன் அழித்துவிடுங்கள். கடிதத்தில் உள்ள இடம்தான், அவருக்குத் தெரியவில்லை என்றால் ‘அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி’ என்று சொல்லி, பதில் வரும்வரை எடுக்காமல் நில்லுங்கள்.

படத்தின் கீழே எழுத வேண்டியவை: சிற்பத்தின் பெயர், கோயில் அல்லது சின்னம், ஊர், மண்டபத்தில் எந்தத் தூண், எடுத்த தேதி, யார் அனுமதி. காலம் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். கண்ட கல்லையெல்லாம் ‘2000 ஆண்டுப் பழமை’ ஆக்குவதால் ஆய்வாளர்களுக்குத்தான் தலைவலி. பிராகாரத்தில் கும்பிட்டு நிற்பவர் முகம் விழுந்திருந்தால் அந்தப் படத்தை வெளியிடாதீர்கள்.

காவல் இல்லாத வயல்வெளிச் சிலை, பூட்டில்லாத சிறு கோயில் ஆகியவற்றின் படத்தைப் பொதுவில் போடும்போது போனில் பதிவாகும் இருப்பிடக் குறிப்பை நீக்கிவிடுங்கள்; ஊர் பெயரைத் துல்லியமாகப் போடாதீர்கள். ஆனால் படம் எடுப்பதை நிறுத்த வேண்டாம். கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலின் நடராசர் 1982-இல் களவுபோய், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு வரை சென்று, 2019-இல்தான் திரும்பியது. களவுபோன சிலை நம்முடையதுதான் என்று வெளிநாட்டு அருங்காட்சியகத்திடம் மெய்ப்பிக்க, அது கோயிலில் இருந்தபோது எடுத்த பழைய படம்தான் கைகொடுக்கும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பு இப்படிப் பல சிலைகளுக்குச் சாட்சியாகியிருக்கிறது. ஆகவே நேர்முகம், இரு பக்கம், முடிந்தால் பின்பக்கம், உடைந்த விரல், கீறல், பீடத்தின் எழுத்து எல்லாவற்றையும் பொறுப்பாளர் சம்மதத்தோடு எடுங்கள். ஓரத்தில் அளவுகோல் ஒன்றைச் சிலையில் படாமல் வையுங்கள். சுருக்காத மூலக் கோப்புகளைத் தேதியோடு பென்டிரைவில் போட்டு, அச்சுப் பிரதி ஒரு செட்டோடு கோயில் அலுவலகத்திலோ பூசாரி குடும்பத்திடமோ கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.